கட்டி எடுத்தாயிற்று, முடிவு வரவில்லை

மார்பில் கட்டி தென்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, அது இன்னதென்று தெரிந்த பிறகே ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறார்கள். தைராய்டு கட்டிக்கும் அப்படித்தான். சினைப்பைக் கட்டிக்கு இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் ஆபரேஷன், அப்புறம் பயாப்ஸி, கடைசியில்தான் விடை. காரணம் இருக்கிறது. சினைப்பையில் வளர்பவற்றில் பெரும்பாலானவை திரவம் நிறைந்த பைகள். அந்தப் பைக்குள் புற்றுநோய் இருந்து, அதில் ஊசி குத்தினால், ஒரு பைக்குள் அடங்கிக் கிடந்தது வயிற்றறைக்குள் கசிய வழி ஏற்படும். மகளிர் நோய் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ 2014இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஆபரேஷன் நடக்கும்போது கட்டி உடைந்து சிந்தினாலே நோயின் நிலை 1ஏ-யிலிருந்து 1சி1-க்கு ஏறிவிடுகிறது. ஆகவே சந்தேகத்துக்குரிய கட்டியை உடையாமல் முழுசாக எடுத்து, பிறகு சோதிப்பதே முறை. வயிறு முழுக்க நோய் பரவியிருப்பது ஸ்கேனிலேயே தெரிந்தால் மட்டும் ஊசிவழி சதை எடுத்துப் பார்த்து, கீமோவை முன்னால் கொடுப்பதுண்டு.

வரிசை இப்படி மாறுவதால் ஓர் இடைவெளி விழுகிறது. தையல் போட்ட வயிற்றோடு ஒரு பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியாது. எடுத்த மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் மூன்று வாரம் இப்படிப் போகும். அறுவை மருத்துவரின் வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். புற்றுநோய் மருத்துவரின் வேலை தொடங்கியிருக்காது. யார் பொறுப்பிலும் சேராத நாட்கள் இவை. உடம்பு ஆறுவதும் குலைவதும் இந்த நாட்களில்தான். வீட்டில் யாருக்கு எது தெரியலாம் என்று முடிவாவதும் இந்த நாட்களில்தான். இவற்றைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணி நடத்த வேண்டும் என்பது என் கருத்து. இப்போது அப்படி நடப்பதில்லை.

பயப்படுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 2022ஆம் ஆண்டுக்கான குளோபோகான் என்னும் உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 33,000 பேர் அந்த நோயால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதற்குக் காரணம், பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவது. கைப்பேசியில் தேடும் மகனுக்கும் மருமகளுக்கும் கண்ணில் படுவது இந்த எண்கள்தான். ஆனால் இவை புற்றுநோய் என்று உறுதியானவர்களின் கணக்கு. சினைப்பையில் கட்டி உள்ள எல்லோரின் கணக்கு வேறு. இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2011இல் தந்த வழிகாட்டுதலில், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குத் தொந்தரவு தரும் சினைப்பைக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்றும், ஐம்பது வயதில் ஆயிரத்தில் மூன்று என்றும் இருக்கிறது. பெண்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது சினைப்பைக் கட்டிக்காக ஓர் ஆபரேஷன் நடக்கிறது என்றும் அது சொல்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கணக்கு மாறும். கட்டிக்குள் திடமான பகுதி, அதில் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் என ஸ்கேனில் தெரிந்தால் இன்னும் மாறும். "என் விஷயத்தில் எவ்வளவு வாய்ப்பு டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. "ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பதைவிடத் தெளிவான பதிலைச் சொல்ல அவரிடம் தகவல் இருக்கும்.

கட்டி பெரியதாக இருப்பதாலோ பார்க்க விகாரமாக இருப்பதாலோ அது புற்று ஆகிவிடாது. டெர்மாய்டு என்னும் கட்டியை அறுத்தால் உள்ளே முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், பல்கூட இருக்கும். அத்தனையும் பெரும்பாலும் தீங்கற்றவை. சாக்லேட் நிறத்தில் பழைய ரத்தம் தேங்கிய எண்டோமெட்ரியோமா, வயிற்றையே அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளரும் சளிக்கட்டி எனப் பட்டியல் நீளும். ஃபைப்ரோமா என்ற நார்க்கட்டியோடு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்வது உண்டு. பார்ப்பவர்கள் முற்றிய புற்று என்றே நினைப்பார்கள். கட்டியை எடுத்ததும் நீர் தானாக வற்றிவிடும். அமெரிக்க மருத்துவர் ஜோ மெக்ஸ் 1937இல் விவரித்ததால் அந்த நிலைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த சிஏ-125 ரத்தப் பரிசோதனையின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் பலர். 1981இல் ராபர்ட் பாஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் கண்ட எதிர்ப்பொருளிலிருந்து பிறந்த சோதனை இது. 35 வரை இயல்பு என்பார்கள். புற்றுநோய் இருந்தால் இது ஏறும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை நார்க்கட்டி, இடுப்பறைத் தொற்று, ஏன், சாதாரண மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். நம் நாட்டில் இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எடை குறைவு, நூற்றுக்கணக்கில் ஏறிய சிஏ-125 என எல்லாமே சினைப்பைப் புற்றுநோயைப் போலவே தோற்றம் காட்டும். வயிற்றைத் திறந்து சதையை எடுத்துச் சோதித்தால் காசநோய் என்று தெரியும்; மாத்திரைகளில் குணமாகிவிடும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷனில் வயிற்றறைச் சவ்வு புண்பட்டாலே சிஏ-125 கூடும். முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் பக்கத்து லேபில் போய் இதை எடுத்துப் பார்ப்பது வீண் பயத்தை விலைக்கு வாங்குவது.

சில மருத்துவமனைகளில் ஆபரேஷன் மேசையிலேயே ஒரு முன்முடிவு கிடைக்கும். அதை ஃப்ரோசன் செக்‌ஷன் என்கிறார்கள். எடுத்த சதையை உடனே உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, அரை மணி நேரத்துக்குள் நோயியல் மருத்துவர் கருத்துச் சொல்வார். அதற்கேற்ப அறுவை மருத்துவர் இத்தோடு நிறுத்துவதா, கருப்பையையும் வயிற்றுக் கொழுப்புத் திரையையும் சேர்த்து எடுப்பதா என்று தீர்மானிப்பார். இந்த முறையை வழக்கமாக்கியவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இருந்த லூயி வில்சன், ஆண்டு 1905. நோயாளி மேசையில் இருக்கும்போதே இது புற்றா இல்லையா என்று சொல்ல வழி வேண்டும் என அங்கிருந்த வில்லியம் மேயோ கேட்டதிலிருந்து தொடங்கியது அது. முறை எவ்வளவு நம்பகமானது? கோக்ரேன் அமைப்பு 2016இல் 38 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்தது. புற்று என்று மேசையில் சொன்னது ஏறத்தாழ எப்போதுமே இறுதியில் புற்றாக இருந்தது. சாதாரணக் கட்டி என்று சொன்னதும் பெரும்பாலும் நின்றது. நடுவில் தடுமாற்றம் இருக்கிறது: சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் இடைப்பட்ட பார்டர்லைன் என்று மேசையில் சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இறுதி அறிக்கையில் புற்றுநோய் என்று வந்தது. "ஃப்ரோசன்ல ஒண்ணும் இல்லைன்னாங்களே, அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அவசரத்தில் ஓரிரு துண்டுகளை மட்டுமே பார்க்க முடியும். முழுக் கட்டியையும் பார்ப்பது இனிமேல்தான்.

அந்தப் பார்வை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பின் நீளம் புரியும். எடுத்த கட்டி ஃபார்மலினில் மூழ்கியபடி ஆய்வகத்துக்குப் போகிறது. சதை அழுகாமல் அப்படியே நிலைத்து நிற்க, பெரிய கட்டிக்கு ஒரு நாளாவது அதில் ஊற வேண்டும். பிறகு நோயியல் மருத்துவர் அதை எடை போட்டு, அளந்து, மேலுறை முழுசாக இருக்கிறதா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுக்கிறார். கட்டியின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு துண்டு எடுக்க வேண்டும் என்பது பொது விதி. சளிக்கட்டியில் இன்னும் கூடுதலாக எடுப்பார்கள். அதற்குக் காரணம், ஒரே கட்டியின் ஒரு மூலையில் தீங்கற்ற திசுவும், பக்கத்தில் பார்டர்லைனும், இன்னொரு மூலையில் புற்றும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். தேங்காய் அளவுக் கட்டியிலிருந்து பதினைந்து, இருபது துண்டுகள் வரும். கருக்குழாயின் நுனியையும் மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கிறார்கள். சினைப்பைப் புற்று என்று நாம் சொல்லும் கடும் வகைகளில் பல, உண்மையில் அந்த நுனியில்தான் தொடங்குகின்றன என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது.

துண்டுகள் ஓர் இரவு முழுக்க இயந்திரத்தில் ஆல்கஹால், சைலீன், உருகிய பாரஃபின் மெழுகு என மாறி மாறி முங்குகின்றன. நீரெல்லாம் போய் மெழுகு ஏறியதும் கட்டைகளாக வார்க்கப்படுகின்றன. மைக்ரோட்டோம் என்னும் கருவி அந்தக் கட்டையை மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அந்தச் சீவல் கண்ணாடித் தகட்டில் ஏறி, ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற இரு சாயங்களில் தோய்கிறது. ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. செல்லின் கரு நீலமாகவும் மற்றவை ரோஜா நிறத்திலும் தெரியும். இதன் பிறகுதான் ஒரு மனிதர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, தகடு தகடாகப் பார்க்கத் தொடங்குகிறார். எந்த இயந்திரமும் பொத்தானை அழுத்தியதும் விடை தருவதில்லை. கடைசியில் கையெழுத்திடுவது ஒருவரின் கண்ணும் அனுபவமும்தான்.

தாமதமானால் கெட்ட செய்தி என்று வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது உண்மையல்ல. கட்டிக்குள் பல்லோ எலும்போ இருந்தால் அதிலிருந்து சுண்ணாம்பை நீக்கிய பிறகே சீவ முடியும். அதற்குத் தனியாகச் சில நாள் போகும், அதுவும் பெரும்பாலும் தீங்கற்ற டெர்மாய்டு கட்டியில். கொழுப்புத் திரை மெதுவாகத்தான் ஃபார்மலினை உறிஞ்சும். முதல் துண்டுகளில் ஐயம் வந்தால் மருத்துவர் திரும்பக் கட்டியிடம் போய் இன்னும் துண்டுகள் எடுப்பார். செல்லின் பிறப்பிடம் சினைப்பையா, குடலா, கருப்பையா என்று பிரித்தறிய இம்யூனோ எனப்படும் சிறப்புச் சாயங்கள் போட வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் சில நாள். அரிய வகையாக இருந்தால் தகடுகள் இன்னொரு ஊரில் உள்ள நிபுணரிடம் போகும். நடுவில் பொங்கலோ தீபாவளியோ வந்தால் ஆய்வகத்துக்கும் விடுமுறைதான். காரணம் எதுவானாலும் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் வீட்டில் பாதிக் கலக்கம் அடங்கும். "இன்னும் வரலை, வியாழக்கிழமை வாங்க" என்று கவுண்ட்டரில் சொல்லி அனுப்பும்போது, ராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதுரைக்கு வந்த குடும்பத்துக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகின்றன. மனதில் என்ன நடக்கிறது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

இனி உடம்பு. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர், ஜேன் டாட் க்ராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து பத்து கிலோ அளவுள்ள சினைப்பைக் கட்டியை எடுத்தார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது அந்த அம்மையார் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம். இருபத்தைந்து நாளில் குதிரையேறி ஊர் திரும்பி, மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் எழுந்து நடமாடியதை அன்று மருத்துவர் அதிசயமாகப் பார்த்தார். இன்று அதுவே மருத்துவ அறிவுரை. ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து நடப்பது குடலை அசைக்கிறது, நுரையீரலில் சளி தேங்காமல் தடுக்கிறது, காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் குறைக்கிறது.

லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலான வேலைகளுக்குத் திரும்பலாம். முதல் சில நாட்களில் தோள்பட்டை வலித்தால் இதயம் என்று பதற வேண்டாம். வயிற்றை விரிக்க ஊதிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடக்க நடக்கப் போய்விடும். நெடுக்குவாட்டில் வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. நிறைகுடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை மூன்றையும் தூக்கக் கூடாது. மூன்றாவதுதான் மிகவும் கடினம் என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயத்தில் பெரிய ஆபரேஷன் செய்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க நான்கு வாரம் வரை வயிற்றில் ஊசி போடச் சொல்வதுண்டு. ஊசி எழுதிக் கொடுத்திருப்பதாலேயே முடிவு மோசம் என்று கருத வேண்டியதில்லை, எச்சரிக்கைக்காகவும் தருவார்கள்.

ஒரு பக்கக் காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நூறு டிகிரிக்கு மேல் விடாத காய்ச்சல், காயத்தில் சீழ், வயிறு உப்பி வாந்தி, துர்நாற்றக் கசிவு. இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். "எப்படியும் வியாழக்கிழமை போறோமே, அப்ப காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இந்தக் காத்திருப்பின் மிகப்பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். எல்லாக் கவனமும் தாளில் குவிந்துவிட, உடம்பு கேட்பாரற்றுப் போகிறது.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீன் கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, சீழ் பிடிக்கும்; தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் ஊறும் என்று அன்போடு சொல்லி, ரசம் சோறும் இட்லியுமாகவே வாரக்கணக்கில் ஓட்டும் வீடுகள் இன்றும் உண்டு. புண் ஆறுவதற்குப் புரதம்தான் முதல் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். தண்ணீரும் கீரையும் பழமும் குறைந்தால் மலச்சிக்கல் வந்து, முக்குவதால்தான் தையலுக்குத் தொல்லை. ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு குளிக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும். ஒருவேளை அடுத்து கீமோ என்று முடிவானால், இந்த வாரங்களில் சாப்பிட்ட சாப்பாடுதான் அவரைத் தாங்கப் போகிறது.

மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் சரிந்துவிடும். இயல்பாக வரும் மாதவிடாய் நிறுத்தம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது. இது ஒரே வாரத்தில் வந்து இறங்கும். திடீரென முகமும் கழுத்தும் கொதித்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டார் இதைப் பயாப்ஸி பயம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணும் தான் கோழையாகிவிட்டதாக நொந்துகொள்கிறார். பாதிக்குமேல் ஹார்மோன் செய்யும் வேலையாக இருக்கலாம் என்று யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இது அடங்கும். ஆனால் சில வகைப் புற்றுகள் ஈஸ்ட்ரோஜனால் வளரக்கூடியவை என்பதால், பயாப்ஸி முடிவு வந்த பிறகே அதைத் தொடங்குவார்கள். காத்திருப்பின் நீளம் உடம்பையும் நேரடியாகத் தொடுவது இங்கேதான். ஒரு சினைப்பை மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றது இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். மாதவிடாய் வரும், குழந்தையும் பிறக்கும். கல்யாணமாகாத மகளுக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள் என்று ஒளித்து ஒளித்து அழும் தாய்மார்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மனதைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? எல்வைரா லாங் என்ற அமெரிக்க மருத்துவரும் உடனிருந்தவர்களும் மார்பக பயாப்ஸி செய்துகொண்ட பெண்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். ஐந்து நாள் கழித்தும் உறுதியான விடை கிடைக்காத பெண்களின் கார்டிசால் போக்கு, புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட பெண்களின் போக்கைப் போலவே குலைந்திருந்தது. சாதாரணக் கட்டி என்று விடை கிடைத்தவர்களுக்கு அப்படியில்லை. ஆய்வு மார்பகத்தைப் பற்றியது; என்றாலும் விடையின்மை உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு வலுவான சான்று. கலிஃபோர்னியாவில் உளவியலாளர் கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வெழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் பின்தொடர்ந்தார். நல்லதையே நினைப்பது, நினைக்காமலிருக்க முயல்வது என அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகப் பலன் தரவில்லை. கவலைப்பட்டே காத்திருந்தவர்கள், கெட்ட முடிவு வந்தபோது அதை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள். மனம் ஒன்றிச் செய்யும் ஏதாவது ஒரு வேலை மட்டும் காத்திருப்பை ஓரளவு இலகுவாக்கியது. ஆகவே பார்க்க வருகிறவர்கள் "பாசிட்டிவா இரு, ஒண்ணும் இருக்காது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை விட்டுவிடலாம். "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவதோ, காய் நறுக்குவதோ, பழைய கதை பேசுவதோ அதைவிடப் பெரிய உதவி.

ரிப்போர்ட் வந்ததும் கடைசியில் உள்ள முடிவுப் பகுதியை மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள். கட்டியின் வகை, அதன் கடுமைத் தரம், மேலுறை முழுசாக இருந்ததா, வயிற்றறையைக் கழுவி எடுத்த நீரில் புற்றுச் செல்கள் இருந்தனவா, கொழுப்புத் திரையும் மற்ற உறுப்புகளும் சுத்தமா என்ற ஐந்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் கட்டி என்று வந்தால் ஸ்கேன் பின்தொடர்தலோடு முடியும். பார்டர்லைன் என்றால் பெரும்பாலும் ஆபரேஷனே முழுச் சிகிச்சை, கீமோ வேண்டியிருக்காது. பதின்வயதிலும் இருபதுகளிலும் வரும் கருச்செல் கட்டிகள் பெயரளவில் பயங்கரமானவை என்றாலும் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. ஒரு சினைப்பையையும் கருப்பையையும் காப்பாற்றிச் சிகிச்சை செய்வது வழக்கம். மேற்படலச் செல்களில் தொடங்கும் எபிதீலியப் புற்று என்றால் நிலையைப் பொறுத்துக் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரு மருந்துகளைப் பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை வரை தருகிறார்கள். அதையும் ஆபரேஷன் ஆறிய பிறகு, ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் தொடங்குவதுதான் முறை. பத்து நாள் பயாப்ஸிக்குக் காத்திருந்ததால் சிகிச்சை பிந்திவிடாது. அந்தப் பத்து நாள் உடம்புக்கு எப்படியும் தேவை. ஐயமிருந்தால் மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மறுகருத்துப் பெறலாம். அதனால் முதல் மருத்துவருக்கு அவமதிப்பு எதுவும் இல்லை.

மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். ரிப்போர்ட் யாருடையது? "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்ற வரியைக் கேட்காத மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கணவர் கையிலோ மகன் கையிலோ உறை போகிறது. கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, எடுத்தாச்சு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படுகிறது. பிறகு முடி கொட்டும் மருந்து ஏறும்போது அவருக்கே புரிந்துவிடுகிறது. அவரும் தெரியாதது போல் இருந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், மறுக்கவில்லை. விளைவு தனிமைதான். இதில் வேறொரு கேடும் இருக்கிறது. கடும் வகைச் சினைப்பைப் புற்று வந்த பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் பிஆர்சிஏ என்ற மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்கள். அது மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இருக்கும். தெரிந்திருந்தால் சோதித்து, நோய் வருமுன் தடுக்க வழியுண்டு. தாயிடம் மறைத்த செய்தி மகளுக்கும் போய்ச் சேராது.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் பரிசோதனை முடிவுகள் தயாரானவுடன் நோயாளியின் கணினிக் கணக்குக்கே வந்துவிட வேண்டும் என்பது சட்டம். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி பார்த்துவிடுகிறார். இது கொடுமை என்று பலர் எதிர்த்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2023இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அப்படியே உடனே வேண்டும் என்றார்கள். முடிவு இயல்பாக இல்லை என்று அறிந்தவர்களும் அதே அளவில். தனியாகத் திரையைப் பார்த்து அதிர்ச்சி அடைவது நமக்கு வேண்டியதில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை மேல்நாட்டாருக்கு மட்டும் உள்ளது என்பதை ஏற்க முடியாது. நம் பெண்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நம் நாட்டு மருத்துவ ஒழுங்கு விதிகள் 2002லேயே, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன.

கேட்கும் நேரம் ரிப்போர்ட் வந்த நாள் அல்ல. அன்று எல்லோரும் பதறியிருப்பார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் நாளில், "முடிவு வந்ததும் உங்களிடம் நேராகச் சொல்லட்டுமா, யாரை உடன் வைத்துக்கொண்டு சொல்லட்டும்?" என்று அந்தப் பெண்ணிடமே மருத்துவர் கேட்க வேண்டும். மகனிடம் சொல்லுங்கள் என்று அவர் சொன்னால் அது அவர் விருப்பம், மதிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி எழுதும்போதே ரிப்போர்ட் எந்தத் தேதிக்குள் வரும், தாமதமானால் யார் எந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்வார் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். புதுக் கட்டடமோ இயந்திரமோ இதற்கு வேண்டாம். மருத்துவமனை எழுதவில்லை என்றால், டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குகிறவர் அதை மேசையிலேயே திருப்பி வைத்து, அந்த இரண்டு வரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.